உறை கிழியாமல்

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் வைத்த பெயர் செட்டுக்காரர். பகலில் பல் செட், சாயங்காலம் காசு செட் என்று இருக்கிற மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நான் அத்தான் என்று கூப்பிடுவேன். கோபம் வந்தால் கூப்பிடவே மாட்டேன். எனக்குக் கோபம் அடிக்கடி வரும் என்பதால், பாதி நாள் அவர் பெயரே இல்லாமல்தான் என்னிடம் பேச்சு வாங்கினார்.

ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பின்பக்கத்து அறை அவருடையது. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு மெழுகு அடுப்பு, தேய்க்கிற மெஷின், அதன் மேல் எப்போதும் படிந்திருக்கும் வெள்ளைத் தூசி. முன்னறையில் நோயாளிகள் வாயைத் திறந்துகொண்டு கிடப்பார்கள். பின்னால் இவர் வாயை மூடிக்கொண்டு மேல்வரிசை, கீழ்வரிசை என்று செய்துகொண்டிருப்பார். ஆட்களின் முகம் அவருக்கு மனதில் நிற்காது. கடைத்தெருவில் யாராவது சிரித்துக்கொண்டே நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு என்னிடம், "மேல்வரிசை நான் செஞ்சது. கீழ்வரிசை வேற யாரோ, சரியா உக்காரல" என்பார்.

"அந்தப் பல்லைச் சுத்தி ஒரு மூஞ்சி இருந்துச்சே அத்தான், அது யாரு?" என்று கேட்டால் தெரியாது.

அக்கா இதற்கு நேர்மாறு. ரொட்டிக்கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றவள். ஊரில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், மீதிப் பேரைத் தோளில் தட்டிக் கூப்பிடுவாள். தொடாமல் அவளுக்குப் பேச வராது. துணிக்கடைக்குக் கூட்டிப்போனால் ஒவ்வொரு துணியையும் தடவிப் பார்த்துக் கடைக்காரனின் பொறுமையைச் சோதிப்பாள். நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், துணி எனக்குத் தொழில். எனக்கே அவளோடு போனால் வெட்கமாக இருக்கும்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதில்தான் காசு செட்டுகள். நாணயச்சாலையில் வருஷா வருஷம் அந்த வருஷத்துக் காசுகளை எல்லாம் புத்தம் புதிதாக, ஒருவர் கையும் படாமல், ஒரு செட்டாகப் போட்டு விற்பார்கள். காசுகள் ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் குழி குழியாக உட்கார்ந்திருக்கும். பெட்டி ஓர் அட்டை உறைக்குள் இருக்கும். உறையின் வாயில் வட்டமாக ஒரு சீல் ஒட்டியிருக்கும். அந்தச் சீல் பிரியாதவரைதான் அது செட். பிரித்துவிட்டால், சேகரிக்கிறவர்கள் கணக்கில், வெறும் சில்லறை.

இதில் எனக்குப் புரியாத விஷயம், பிரிக்கவே கூடாத பொருளை எதற்கு வாங்குவது என்பது. கேட்டேன். "உள்ள இருக்குன்னு தெரியுமில்ல, அது போதும்" என்றார். எனக்குப் போதாது. அக்காவுக்குச் சுத்தமாகப் போதாது. நாள் முழுக்க ஊரார் காசை எண்ணி எண்ணிக் கறுத்த விரல்களோடு வீட்டுக்கு வருவாள். வீட்டிலே இருக்கிற காசை அவள் தொடக்கூடாது. "கல்லாவுல உக்கார வச்ச கையை அலமாரிக்கு ஆகாதுன்னுட்டாரே உங்க அத்தான்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிக்கிறதால் நான் இதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு செட் மட்டும் தனியாக, ஒரு வெள்ளைத்துணி சுற்றி இருக்கும். அது பாப்பாவுடையது.

அக்காவுக்கு ஒரே ஒரு பிள்ளைதான் பிறந்தது. அதுவும் காலம் வருவதற்கு முன்னே பிறந்துவிட்டது. பிறக்கப்போகிறது என்று தெரிந்ததுமே அத்தான் அந்த வருஷத்து செட்டை வாங்கிவிட்டார். பிள்ளை பிறந்த வருஷத்து செட்டை வாங்கி வைத்து, அது வளர்ந்ததும் அதன் கையாலேயே பிரிக்கச் சொல்வது காசு சேர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கமாம். பாப்பா ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே சில நாள் இருந்து, அங்கேயே போய்விட்டது. செட் மட்டும் வீட்டில் இருந்தது. அத்தான் அதைத் துணியில் சுற்றி மேலே வைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாப்பா என்ற சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

வருஷங்கள் போயின. அக்காவுக்கு நோய் வந்தது. வந்ததே தெரியாமல் வந்து, தெரிந்தபோது எலும்பு வரைக்கும் போயிருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் தையல் மெஷினை மூடிவிட்டு அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். ஹாலில், அலமாரிக்கு எதிரே கட்டிலைப் போட்டோம். அவளுக்கு வெளிச்சம் வேண்டும், தெருச்சத்தம் வேண்டும்.

ஒருநாள் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வாரும் அளவுக்கு முடி இல்லை, இருந்தாலும் சீப்பு படுவது அவளுக்குப் பிடித்திருந்தது. "ஒண்ணு கேக்கணும்டி, அவர்கிட்ட நீ சொல்லு" என்றாள்.

"நீயே சொல்லேன். புருஷன்தானே."

"நான் சொன்னா அழுதுருவேன். பாப்பாவோட செட்டைப் பிரிக்கச் சொல்லு. அந்தக் காசைக் கையில வச்சுக்கணும்."

சீப்பை நிறுத்திவிட்டேன்.

"அவளைத் தொடவே விடலடி" என்றாள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தா. தொட்டா கிருமி ஒட்டிக்கும், கொஞ்சம் தேறட்டும்னாங்க. தேறட்டும் தேறட்டும்னு... அப்புறம் துணியில சுத்தித்தான் குடுத்தாங்க. முகம் மட்டும் தெரிஞ்சுது. எத்தனை பேர் கையைத் தொட்டிருக்கேன், இந்த ஊர்ல. என் பிள்ளை விரலை நான் தொட்டதில்ல. அவளுக்குன்னு வாங்கினது உலகத்துலயே அது ஒண்ணுதான் இருக்கு. அதையாவது தொட்டுட்டுப் போறேன்."

எத்தனை வருஷம் இதை நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தாளோ. நான் அன்றைக்குச் சாயங்காலம் அத்தான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். பாப்பாவின் செட்டைப் பிரிக்கணும், அக்கா காசைக் கையில் வச்சுக்கணுமாம் என்று மட்டும் சொன்னேன். மற்றதை அவள் என்னிடம் சொன்னது மாதிரி இன்னொரு முறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் வாசலிலேயே ஒரு செருப்போடு நின்றார். பிறகு, "பிரிக்கிறேன்" என்றார். "ஆனா கிழியாம பிரிக்கணும். கொஞ்சம் டைம் குடு."

"என்ன டைம்? என்கிட்ட கத்தரிக்கோல் இருக்கு. ஒரே வெட்டு."

"வேண்டாம்" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அவ பேரைச் சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு. அதைக் கிழிக்க எனக்குக் கை வராது."

மறுநாளிலிருந்து ஒத்திகை தொடங்கியது. வேறு வருஷத்து செட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழகினார். இத்தனை காலம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்த செட்டுகள். அதை நினைத்து நான் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மேஜை மேல் ஒரு துண்டை நாலாக மடித்துப் போடுவார், காசு கைதவறி விழுந்தாலும் அடிபடக்கூடாது என்று. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டு வாங்கிவந்த ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்துச் சீலின் மேல் காட்டுவார். பசை இளகியதும், கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த, பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற மெல்லிய நூலைச் சீலுக்கு அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் மெல்ல மெல்ல அறுப்பது மாதிரி இழுப்பார். அவசரப்பட்டால் சீலோடு அட்டையின் தோலும் உரிந்து வரும். முதல் செட்டில் உரிந்தே வந்தது. பெட்டி வேறு கதை. அது வாய்மூடின சிப்பி மாதிரி இறுகிக் கிடக்கும். இரும்புக் கத்தியை விட்டால் ஓரம் வெளுத்து விரிசல் விடும். அதனால் பல் செட் செய்கிற பிளாஸ்டிக்கிலேயே நகம்போல ஓர் ஆப்பு இழைத்துக்கொண்டார். ஒரே இடத்தில் நெம்பாமல், நாலு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவந்து கொடுக்க வேண்டும். கடைசி மூலையில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். இரண்டாவது செட்டில் 'டக்' வருவதற்குப் பதில் 'படக்' வந்தது. மூலை போய்விட்டது.

இதெல்லாம் நடக்கும்போது யாரும் பேசக்கூடாது. காசு திறந்திருக்கும் இடத்தில் பேசினால் கண்ணுக்குத் தெரியாத எச்சில் தெறிக்குமாம். தெறித்த இடம் நாளாக நாளாகப் புள்ளி விழுமாம். ஆகவே பெட்டி திறந்ததும் உதட்டில் விரலை வைத்துவிடுவார். நானும் அக்காவும் வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்ப்போம். என்னை வாய் மூட வைத்த ஒரே ஆண்பிள்ளை அவர்தான் என்று அக்கா பிற்பாடு சொல்லிச் சிரித்தாள். சிரித்ததும் வலி வந்து சுருண்டாள்.

அவள் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நானே எடுத்துக் கிழிச்சுக் குடுத்துர்றேன். அவர் கிளினிக் போயிருக்கிற நேரம்தானே. வந்து கத்தினா கத்தட்டும்" என்றேன்.

"வேண்டாம்டி" என்றாள். "அவரே குடுக்கட்டும். பாப்பா விஷயத்துல அவர் கையால எதுவும் செய்ய முடியாமப் போச்சு. இப்பத்தான் ஏதோ செய்யறார். நீ குறுக்க போகாத."

நான் போகவில்லை.

மூன்றாவதும் நாலாவதும் கிழியாமல் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் குளித்து, சலவைச்சட்டை போட்டுக்கொண்டு, வெள்ளைத்துணியைப் பிரித்தார். அக்காவைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். கட்டிலோரம் மேஜையை இழுத்துப் போட்டிருந்தார். முகத்தில் துணிக்கவசம், கையில் பருத்திக் கையுறை. சீல் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் எழுந்துவந்தது. அட்டை உறையிலிருந்து பெட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அவர் ஆப்பை எடுத்தபோது சமையல்கட்டில் பால் பொங்கிவிட்டது. நான் ஓடினேன். அடுப்பை அணைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த 'டக்' சத்தம் கேட்டது. நல்ல சத்தம். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். அக்காவின் வலதுகையில் ஒரு வெள்ளைக் கையுறை. புதுசு. அவருடையது அவளுக்குத் தொளதொள என்று இருக்கும் என்று பெண்கள் அளவில் தனியாக வாங்கி வைத்திருக்கிறார். கையுறை மூடிய உள்ளங்கையின் மேல் செட்டிலிருந்து எடுத்த ஒரு காசு கிடந்தது. பளபளவென்று, இப்போதுதான் அச்சடித்த மாதிரி. அத்தான் குனிந்து அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கையின் விரல் கவசத்தோடு சேர்த்து அவர் உதட்டின் மேல் இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. "கழட்டுங்க அதை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வேண்டாம். அவள் கண் அத்தான் பக்கம் போய்த் திரும்பியது. நானும் பார்த்தேன். கவசத்துக்கு மேலே அவர் கண்கள் நிறைந்திருந்தன. அவ்வளவு சந்தோஷத்தில் அந்த மனுஷனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிழியாமல் எடுத்துவிட்டார். அவள் கேட்டதைக் கையில் கொடுத்துவிட்டார். அவள் கட்டைவிரலால் காசின் மேல் தடவினாள். துணி காசின் மேல் ஓடியது. கொஞ்சநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு காசை அவரிடம் நீட்டினாள். அவர் விளிம்பைப் பிடித்து வாங்கி, குழியில் உட்கார்த்தி, பெட்டியை மூடினார்.

பெட்டி மூடிய பிறகுதான் பேசினாள். "அழகா இருக்குங்க" என்றாள்.

அவர் கையைக் கழுவப் போனதும் நான் அவள் காதருகே குனிந்தேன். "ஏன்க்கா?"

"அவர் முகத்தைப் பாத்தியா?" என்றாள். "நாளைக்கு இன்னொரு தடவை கேட்டுக்கலாம்."

கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். என் அக்காவுக்குக் கையில் வைத்தும் கைக்கு எட்டவில்லை. அன்று சாயங்காலம் நினைவு தப்பியது. அதற்குப் பிறகு அவள் கண் விழிக்கவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு காலியான ஒருநாள். அத்தான் கட்டிலை மடக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். "அவ கேட்டதைச் செஞ்சுட்டேன். அந்த ஒரு நிம்மதி" என்றார், யாரிடமோ சொல்வது மாதிரி. எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம்.

"என்ன செஞ்சீங்க? க்ளவுஸ் மாட்டிவிட்டுத் தொட்டா அது தொட்டதா? அவ பாக்கவா கேட்டா? தொடக் கேட்டா. ஆஸ்பத்திரியில பாப்பாவைத் தொட விடல, அவளுக்கு வாங்கினதையாவது தொடணும்னு கேட்டா. நீங்க அதுக்கும் உறை போட்டுட்டீங்க. பேசக்கூட விடாம வாயையும் பொத்திட்டீங்க."

சொன்ன வேகத்தில் சொல்லிவிட்டேன். அவர் கட்டில் காலைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தார். "எனக்குத் தோணலையே" என்றார். "காசை எடுத்தா கையுறை போடுவோம். எப்பவும் போடுறதுதானே. எனக்கு வேற மாதிரி தோணவே இல்லையே." திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் என் வீட்டுக்குப் போய்விட்டேன். பல நாள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

பிறகு கிளினிக் டாக்டர் என் தையல்கடைக்கு ஆள் அனுப்பினார், அத்தான் வேலைக்கு வரவில்லை என்று. போனேன். கதவு திறந்தே இருந்தது. அலமாரியும் திறந்திருந்தது. மேஜை மேல் பாப்பாவின் பெட்டி மூடி தனியாக, அடி தனியாகக் கிடந்தது. அவர் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் காசை வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார். கவசம் இல்லை. நான் வந்ததைக் கண்டும் உதட்டில் விரல் வைக்கவில்லை.

"என்ன தேடுறீங்க அத்தான்?"

"வெறுங்கையால தொட்டா ரேகை விழும்" என்றார். "எண்ணெய்ப்பசை. முதல்ல தெரியாது. நாள் போகப் போக காசுல அப்படியே பதிஞ்சுரும். எதைப் போட்டுத் துடைச்சாலும் போகாது. நாங்கெல்லாம் அதுக்குத்தான் பயப்படுவோம்." பூதக்கண்ணாடியை மறுபடி வைத்துப் பார்த்தார். "எங்கயாவது ஒரு ஓரத்துலயாவது பட்டிருக்குமோன்னு பாத்துட்டே இருக்கேன். கையுறை கொஞ்சம் விலகியிருந்து, ஒரு விரல்நுனி... எங்கயும் இல்ல. அவ்வளவு சுத்தமா இருக்கு."

நான் மேஜைக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

அவர் காசை என் பக்கம் நகர்த்தினார். "நீ தொடு" என்றார். "கூடப் பிறந்தவதானே. உன் கையும் அவ கை மாதிரிதான் இருக்கும். கொஞ்சமாவது இருக்கும்."

அப்படி இருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நீட்டிய கையைத் தள்ள முடியவில்லை. காசை எடுத்து, என் கட்டைவிரலை அதன் முகத்தில் வைத்து நன்றாக அழுத்தினேன். சில்லென்று இருந்தது. ஓரங்கள் கூர்மையாக இருந்தன. இதைத்தான் அக்கா கேட்டாள். திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்து, வாயால் ஆவி ஊதி, பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இல்ல" என்றார். "அவளுக்குக் கட்டைவிரல்ல, இங்க குறுக்கால ஒரு தழும்பு உண்டு. கடைக்குப் போன புதுசுல ரொட்டிக் கத்தி பட்டது. கோடெல்லாம் அந்த இடத்துல அறுந்து, கொஞ்சம் கீழ தள்ளி மறுபடி சேரும். நடுவுல சுழி இடப்பக்கம் சாஞ்சிருக்கும். உன்னுது நேரா போகுது."

கூடவே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தத் தழும்பு தெரியாது. துடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் தன் வெறும் விரல்களால் காசை எடுத்துக் குழியில் வைத்தார். நான் சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.